ஊர் டாக்டர் மறைந்தபின் அவரைப் பற்றி எழுதுவது எப்படி: ஒரு கம்பவுண்டரின் குறிப்புகள்

"கைராசிக்காரர். காசைப் பெரிதாக நினைக்காதவர். நடுராத்திரியில் கதவைத் தட்டினாலும் முகம் சுளிக்காமல் எழுந்து வருவார்." இந்த மூன்று வாக்கியங்களும் இல்லாத டாக்டர் இரங்கல் கட்டுரையை நான் இதுவரை படித்ததில்லை. மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பெயரை அழித்துவிட்டு இன்னொரு டாக்டரின் பெயரை எழுதினாலும் அப்படியே பொருந்தும். அதுதான் சிக்கல்.

நான் வாலிப வயதில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராகச் சேர்ந்தவன். தலை நரைத்த பிறகும் அங்கேயேதான் இருந்தேன். அவர் காலமானபோது நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி வீட்டார் என்னைத்தான் கேட்டார்கள். அதன் பிறகு அக்கம்பக்கத்து ஊர்களில் வயதான டாக்டர் யாராவது போய்விட்டால், கையில் ஒரு தாளோடு யாராவது என்னைத் தேடி வருகிறார்கள். எல்லாரிடமும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

யாரைக் கேட்பது

துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்துபோகிற நாட்களிலேயே வாசலில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் வைத்துவிடுங்கள். பெயர், போன் நம்பர், எந்த வருஷத்திலிருந்து அவரிடம் பார்த்தார்கள். இந்த மூன்று போதும். அங்கேயே உட்கார வைத்துக் கதை கேட்காதீர்கள். அழுகை அடங்கின பிறகு போன் செய்தால் நிதானமாகப் பேசுவார்கள்.

மேடையில் பேசக்கூடிய பெரிய மனிதர்களிடம் கடைசியாகப் போனால் போதும். அவர்களுக்குத் தெரிந்தது டாக்டரின் விசிட்டிங் கார்டு மட்டும்தான். முதலில் பார்க்க வேண்டியவர்கள் நர்ஸ், கிளினிக்கைக் கூட்டிப் பெருக்கியவர், மருந்துக் கடைக்காரர், லேப் டெக்னீஷியன். டாக்டர் எந்தெந்த டெஸ்ட்டை எழுதாமல் விட்டார் என்பது லேப்காரருக்குத்தான் தெரியும். தேவையில்லாத ஸ்கேனுக்கு ஆள் அனுப்பாத டாக்டர்மேல் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருக்கும். அந்த வருத்தத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பாராட்டும் அதற்கு ஈடாகாது.

பலர் மறந்துவிடுகிற ஒருவர் உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு, இவர் அனுப்பிய நோயாளிகளை வாங்கிக்கொண்ட டாக்டர். அவரைத் தேடிப் பிடியுங்கள். எங்கள் டாக்டர் அனுப்பிய கடிதங்களில் ஒன்றை ஒரு அறுவை மருத்துவர் பத்திரமாக வைத்திருந்தார். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதியது. அதில் இருந்தது இவ்வளவுதான்: "வயிற்றுவலி, இரண்டு நாள். நேற்று தொப்புளைச் சுற்றி. இன்று வலப்பக்கம் கீழே. அழுத்தும்போதைவிடக் கையை எடுக்கும்போது துடிக்கிறான். குடல்வால் என்று நினைக்கிறேன். காலையிலிருந்து தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை." கடைசி வரியைக் கவனியுங்கள். வயிறு காலியாக இருந்தால்தான் போனவுடனே மயக்க மருந்து கொடுக்க முடியும். அவ்வளவு தூரம் யோசித்து அனுப்பியிருக்கிறார். "திறமைசாலி" என்று எழுதுவதற்குப் பதில் இந்தக் கடிதத்தைப் போட்டால் படிக்கிறவருக்கே புரிந்துவிடும். பையனின் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்.

எப்படிக் கேட்பது

"டாக்டர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்றுதான் பதில் வரும். அதோடு பேச்சு முடிந்துவிடும். "கடைசியாக எதற்குப் போனீர்கள்? எங்கே உட்காரச் சொன்னார்? முதலில் என்ன கேட்டார்? எழுதிக்கொண்டே கேட்டாரா, பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாரா?" என்று கேளுங்கள். அப்போதுதான் ஆட்கள் நிஜமாக யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

குறை சொல்கிறவர்களையும் விடாதீர்கள். ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: "குழந்தைக்கு நெஞ்சுச் சளி என்று தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்." இத்தனை வருஷம் கழித்தும் அவருக்கு அந்த ஆதங்கம் போகவில்லை. நான் அந்த அறைக்கு வெளியே இருந்தவன், அதனால் தெரியும். டாக்டர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். அழுகிற குழந்தையின் மூச்சை எண்ணினால் கணக்கு தப்பிவிடும், அதனால்தான் எழுப்ப வேண்டாம் என்றார். முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் என்றால் நிமிடத்துக்கு 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் என்றால் 40. அந்த அளவையோ அதற்கு மேலோ போனால் நிமோனியாவாக இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பக்கத்தில் எக்ஸ்ரே இல்லாத டாக்டருக்குக் கடிகாரம்தான் எக்ஸ்ரே. நோயாளியின் குறையையும் அதற்குப் பின்னால் இருந்த காரணத்தையும் சேர்த்து எழுதினால் பத்திக்கு உயிர் வந்துவிடும். காரணம் உங்களுக்குப் பிடிபடாவிட்டால் இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக ஊகித்து எழுதாதீர்கள்.

நினைவுகளுக்கு வருஷம் போடுவது

இதில்தான் எல்லாரும் திணறுவார்கள். வயதானவர்கள் எல்லாவற்றையும் "அந்தக் காலத்தில்" என்று முடித்துவிடுவார்கள். எந்தக் காலம் என்று வருஷத்தைக் கேட்காதீர்கள். மேஜைமேல் என்ன இருந்தது, என்ன மருந்து கொடுத்தார் என்று கேளுங்கள். மருந்தும் கருவியும் காலத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

"ஊசியைக் கொதிக்க வைத்துப் போடுவார்" என்றால் கண்ணாடி சிரிஞ்ச் காலம். எவர்சில்வர் பெட்டியில் தண்ணீர் தளதளக்கிற சத்தம் கேட்டாலே பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிடும். ஊசி முனை மழுங்கினால் கல்லில் தீட்டி மறுபடி போடுவோம். எய்ட்ஸ் பயம் வந்த 1980-களில்தான் ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் சிரிஞ்ச் வேகமாகப் பரவியது. சின்ன கிளினிக்குகளில் கண்ணாடி அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் இருந்தது. உங்கள் டாக்டர் எப்போது மாற்றினார் என்று விசாரியுங்கள். மற்றவர்களுக்கு முன்பே மாற்றியிருந்தால், அதை எழுதத்தான் வேண்டும்.

"சர்க்கரைக்கு மூத்திரத்தைக் காய்ச்சிப் பார்ப்பார்" என்றால் பெனடிக்ட் கரைசல். சோதனைக் குழாயில் 5 மில்லி நீல மருந்து, எட்டுச் சொட்டு சிறுநீர், அடியில் தீ. நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் நிறைய இருக்கிறது. இந்த வேலை என்னுடையது. விரல் நுனியில் குத்திப் பார்க்கிற மெஷின் வந்த பிறகு அந்த நீலப் பாட்டில் அலமாரியிலேயே கிடந்து தூசி படிந்தது.

"அல்சருக்குப் பால் குடிக்கச் சொல்வார், ஜெலுசில் கொடுப்பார்" என்றால் பழைய காலம். வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கிற சிமெடிடின் மாத்திரை 1976-இல்தான் விற்பனைக்கு வந்தது. இரைப்பைப் புண்ணுக்கு ஒரு பாக்டீரியா காரணம் என்று ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் கண்டுபிடித்தது 1982-இல். நம்புகிறவர்கள் முதலில் குறைவாக இருந்ததால் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார். 2005-இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. 90-களில்தான் அல்சருக்கு ஆன்டிபயாடிக் எழுதுவது வழக்கமாயிற்று. அந்த மாற்றத்தை ஏற்றுக்கொள்ளும்போது உங்கள் டாக்டருக்கு வயது என்ன என்று கணக்குப் போடுங்கள். ஐம்பதைத் தாண்டியும் தான் படித்த பாடத்தைத் திருத்திக்கொண்டவர் என்றால் அது பெரிய விஷயம்.

காசநோய்க்கு ஒன்றரை வருஷம் மருந்து, கூடவே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி என்றால் 80-களுக்கு முந்திய கதையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆறு மாத சிகிச்சை அப்புறம்தான் பரவியது. அதற்கும் முன்னால் காசநோயாளி என்றாலே சானடோரியம் என்ற தனி ஆஸ்பத்திரிதான். வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் அதே அளவு குணமாகிறது என்று சென்னையில் நடந்த ஆய்வு 1959-இல் வெளியானது. உலகம் முழுக்க சின்ன ஊர் டாக்டர்களின் கையில் அந்த நோய் வந்து சேர்ந்தது அந்த ஆய்வுக்குப் பிறகுதான்.

வயிற்றுப்போக்கோடு வந்த குழந்தைக்கு டிரிப் ஏற்றாமல் உப்பு சர்க்கரைக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டச் சொன்னார் என்றால், பெரும்பாலும் 70-களின் பிற்பகுதியோ அதற்குப் பிறகோதான். 1971-இல் வங்கதேச அகதிகளுக்கான பொன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹலநோபிஸ் அந்தக் கரைசலை டிரம்களில் கலந்து வைத்து, சொந்தக்காரர்களையே கொடுக்கச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. டிரிப் ஏற்றாத டாக்டர்மேல் ஜனங்களுக்கு எப்போதும் சந்தேகம்தான். எங்கள் கிளினிக்கிலும் "ஒரு பாட்டில் ஏற்றிவிடுங்கள் சார்" என்று தினமும் யாராவது கெஞ்சுவார்கள்.

பாதரச பி.பி. கருவியைப் பற்றிப் பேசினால் அதில் தேதி பிடிக்க முடியாது, அது அவ்வளவு நீண்ட காலம் இருந்தது. பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா ஒப்பந்தம் 2017-இல் நடைமுறைக்கு வந்த பிறகு மெல்ல மறைகிறது.

ஒரு எச்சரிக்கை. "அம்மை போட்டிருந்தபோது அவர்தான் காப்பாற்றினார்" என்று சொன்னால் எந்த அம்மை என்று கேளுங்கள். இயற்கையாகப் பரவிய பெரியம்மை உலகிலேயே கடைசியாக வந்தது 1977-இல், சோமாலியாவில். 1980-இல் அது ஒழிந்தது என்று அறிவித்துவிட்டார்கள். டாக்டர் 1982-இல் கிளினிக் திறந்திருந்தால் அவர் அங்கே பார்த்தது சின்னம்மையாகவோ தட்டம்மையாகவோதான் இருக்க முடியும். இப்படி ஒரே ஒரு தப்பு அச்சில் வந்தால் போதும், மீதியையும் யாரும் நம்பமாட்டார்கள்.

இதற்கெல்லாம் மேலாக எனக்குப் பிரியமானது மிக்ஸ்சர் பாட்டில், அதாவது கலந்து கொடுக்கிற திரவ மருந்துப் பாட்டில். தாளை நீளமாக வெட்டி, பல தடவை மடித்து, ஓரத்தில் கத்தரிக்கோலால் முக்கோணமாக ஒரு நறுக்கு. பிரித்தால் வரிசையாகப் பற்கள் இருக்கும். அதைப் பசை தடவிப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டினால் ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுத்துத் தெரியாதவரும் தப்பாமல் குடிப்பார். மடிப்பு கோணலாக இருந்தால் டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார். மாத்திரை அட்டைகள் வந்து அதெல்லாம் நின்றது. உங்கள் ஊரில் யார் வீட்டுப் பரணிலாவது அப்படி ஒரு பாட்டில் இருந்தால் படம் எடுத்துக் கட்டுரையில் போடுங்கள்.

நாற்பது வருஷம் என்றால் என்ன

"நாற்பதாண்டு சேவை" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தோன்றாது. ஒரே டாக்டரிடம் தொடர்ந்து பார்ப்பதால் நோயாளிக்கு என்ன கிடைக்கிறது என்று சொல்லுங்கள். நார்வேயில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை அலசினார்கள், முடிவு 2022-இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஒரே குடும்ப டாக்டரிடம் 15 வருஷத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு, ஒரு வருஷமே ஆனவர்களோடு ஒப்பிட்டால், இறக்கும் வாய்ப்பு சுமார் 25 சதவீதம் குறைவு. ஆஸ்பத்திரியில் அவசரமாகச் சேர்வதும் கிட்டத்தட்ட அதே அளவு குறைவு. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு உடனே உங்கள் ஊருக்கு வந்துவிடுங்கள். தாத்தாவின் சர்க்கரையைப் பார்த்தவர் பேரனின் எடையைப் பார்த்து முன்கூட்டியே எச்சரித்தாரா? அப்படி ஒரு குடும்பம் நிச்சயம் கிடைக்கும்.

காலில் புண் என்று வந்தவருக்குக் கேட்காமலேயே பி.பி. பார்த்தாரா என்றும் விசாரியுங்கள். வேல்ஸில் கிளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் இருந்தார். நோய் என்று வந்தவர், வராதவர் என்று பார்க்காமல் ஊரில் வளர்ந்தவர்கள் அத்தனை பேருக்கும் பி.பி. அளந்தவர். மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் எழுதியவரும் அவர்தான். அவர் அளவுக்கு இல்லாவிட்டாலும், அந்தப் பழக்கம் கொண்ட சின்ன ஊர் டாக்டர்கள் பலர் உண்டு. பக்கவாதம் வராமல் போனவர்கள் யாரும் வந்து நன்றி சொல்வதில்லை, அதனால் நீங்கள்தான் தேட வேண்டும்.

சொல்லக்கூடாதவை

நோயாளி சொன்ன ரகசியத்தை அவர் இறந்த பிறகும் காப்பேன் என்பது டாக்டர்களின் ஜெனீவா உறுதிமொழியில் இருக்கிறது. 1948-இல் எழுதியது, இறந்த பிறகும் என்பதை 1968-இல் சேர்த்தார்கள். டாக்டரே போய்விட்டாரே, இனி என்ன என்று நினைக்காதீர்கள். அவர் காத்ததை நாம் அவிழ்த்துவிட்டால் அது அவருக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

சின்ன ஊரில் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. "மாடி வீட்டு வாத்தியாரின் இரண்டாவது மகள்" என்றால் ஊருக்கே தெரியும். ஆள் உயிரோடு இருந்தால் அந்த வாக்கியத்தை அவரிடமே வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகளிடம். மனநோய், குடி, கர்ப்பம், குழந்தையின்மை, பால்வினை நோய் சம்பந்தப்பட்டது என்றால் சம்மதம் கிடைத்தாலும் நான் எழுதமாட்டேன். சம்மதம் கேட்கும்போது தைரியமாகத் தலையாட்டிவிட்டு அச்சில் பார்த்ததும் கூசிப் போகிறவர்கள் உண்டு. இரண்டு பேர் கதையைக் கலந்து அடையாளத்தை மறைக்கிற வேலையும் வேண்டாம், அது பொய். விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் என்னோடுதான் போகும்.

காசும் கோபமும்

"காசே வாங்கமாட்டார்" என்பது பெரும்பாலும் நிஜமில்லை. வாங்காமல் எனக்கு எப்படிச் சம்பளம் கொடுத்திருப்பார்? எப்படி வாங்கினார் என்று எழுதுங்கள். எங்கள் டாக்டர் மேஜை டிராயரைத் திறந்தே வைத்திருப்பார். முடிந்ததைப் போட்டுவிட்டு, சில்லறை வேண்டுமென்றால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். அவர் அப்போது கை கழுவப் போய்விடுவார். யார் போட்டார், யார் போடவில்லை என்று தெரிந்துகொள்ளாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு என்று எனக்கே வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

கோபக்காரர் என்றால் அதையும் எழுதுங்கள். சளிக்கு ஊசி கேட்டால் எங்கள் டாக்டர் வெளியே கேட்கும்படி கத்துவார். வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்பது அவருக்கு வேதவாக்கு. அதனால் ஆட்கள் ஊசி போடுகிற இடம் தேடிப் போனார்கள், எங்களுக்குக் கூட்டம் குறைந்தது. நான் எழுதியதை வாசித்துக் காட்டியபோது டாக்டர் வீட்டு அம்மா இந்தப் பத்திக்குத்தான் சிரித்தார்கள். எடுத்துவிடவா என்று கேட்டேன். "அது இல்லாவிட்டால் அவர் யாரோ" என்றார்கள்.

மரணத்தை எழுதும்போது

என்ன நோய் என்பதை வீட்டார் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள். "ஊரார் உயிரைக் காத்தவர் தன் உயிரைக் காக்கவில்லையே" என்ற வரியை யார் எழுதிக் கொடுத்தாலும் அடித்துவிடுங்கள். கேட்க உருக்கமாக இருக்கும், உள்ளே ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கும். எதுவரை கிளினிக்கில் உட்கார்ந்தார், கடைசியில் நோயாளிகளை யாரிடம் ஒப்படைத்தார் என்பதுதான் முக்கியம். எங்கள் டாக்டர் உடம்புக்கு முடியாத காலத்தில் சர்க்கரை, பி.பி. நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். மருந்தின் பிராண்ட் பெயரோடு மூலப் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் கடைசியாகப் பார்த்தபோது எவ்வளவு. அவர் சொல்லச் சொல்ல எழுதியது நான்.

கட்டுரையோடு ஒரு சின்னக் கட்டத்தில் அறிவிப்பும் போடுங்கள். கிளினிக் மூடியிருக்கிறதே என்று யாரும் தினசரி மாத்திரையை நிறுத்தக்கூடாது. முக்கியமாக வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, பி.பி.க்கும் இதயத்துக்கும் கொடுக்கிற அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள், நாள்பட எடுக்கிற தூக்க மாத்திரை ஆகியவற்றைத் திடீரென்று விட்டால் ஆபத்து. இன்சுலினைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும் பழைய ஈ.சி.ஜி.யையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு புது டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். நெஞ்சுவலி வருகிற அன்றைக்குப் புது ஈ.சி.ஜி.யை ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது ஒன்று கையில் இருந்தால் எவ்வளவோ உதவும்.

எழுதி முடிக்கும்போது

முதல் பத்தியில் பெயர், வயது, பட்டம், எந்த வருஷத்திலிருந்து எதுவரை, இறந்த தேதி. பட்டத்தை வாய்மொழியாகக் கேட்டு எழுதாதீர்கள், சான்றிதழைப் பார்த்து எழுதுங்கள். அப்புறம் நேராகக் கிளினிக்குக்குள் போய்விடுங்கள். பிறப்பு, பள்ளி, கல்லூரி என்று வரிசையாகப் போனால் அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் எடுப்பதற்குள் படிக்கிறவர் பக்கத்தைத் திருப்பியிருப்பார். மருத்துவ விஷயங்களை ஒரு டாக்டரிடம் கொடுத்துச் சரிபார்த்துவிடுங்கள். வீட்டாரிடம் தாளை நீட்டாமல் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எங்கே முகம் மாறுகிறது என்று பார்த்துத் திருத்தலாம்.

மீந்த காகிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பதிவேடு பொக்கிஷம்தான். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வில்லியம் பிக்கிள்ஸ் என்ற கிராமத்து டாக்டர், எந்த வீட்டில் யாருக்கு எந்தத் தேதியில் காய்ச்சல் வந்தது என்று குறித்துவைத்தே மஞ்சள் காமாலை தொற்றி எத்தனை நாளில் வெளிப்படுகிறது என்று கணித்தார். 1939-இல் அது புத்தகமாகவும் வந்தது. ஆனால் அவர் குறித்தது ஆராய்ச்சிக்காக. உங்கள் டாக்டரின் பதிவேட்டில் ஊரே இருக்கும். அதிலிருந்து ஒரு பக்கத்தைக்கூடப் படமெடுத்துப் போடாதீர்கள். கேட்டு வருகிற நோயாளிக்கு அவரவர் தாளைக் கொடுக்கலாம். மீதியை எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று உங்கள் நாட்டுச் சட்டம் சொல்லும், அதுவரை பூட்டிவைத்துவிட்டு அப்புறம் எரித்துவிடுங்கள். பழைய பேப்பர்காரரிடம் மட்டும் போடாதீர்கள்.